கோழிக்கூட்டில் ஓர் ஊதுபத்தி

பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் அளவு கொடுத்து முடித்ததும் தையல் மெஷினுக்கு எதிரே இருக்கும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். வெளியே கோழிக்கூடு. சித்திரை, வைகாசியில் வருகிறவர்கள், "இந்த வெயில்ல இதுங்க எப்படிக்கா தாங்குது? ஏசி கீசி போட்டிருக்கியா?" என்பார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக், அதனால் இந்தக் கிண்டல். மார்கழியில் வருகிறவர்கள், "பனி கொட்டுதே, நாலு சாக்கைப் போட்டு மூடக் கூடாதா?" என்பார்கள். இரண்டு கேள்விக்கும் என்னிடம் இருப்பது ஒரே பதில்தான்: காற்று. கூட்டுக்குள் காற்று எங்கே நுழைகிறது, எந்த உயரத்தில் போகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்து வைத்துவிட்டால் மிச்சத்தைக் கோழி பார்த்துக்கொள்ளும். வெயில் காலத்தில் அந்தக் காற்று கோழியின் உடம்பில் பட்டுக்கொண்டு போக வேண்டும். குளிர் காலத்தில் அதன் தலைக்கு மேலே போக வேண்டும். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இதையெல்லாம் விளக்கினால் யாரும் நின்று கேட்பதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

காற்றைப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கோழிகளை வெளியே விட்டபிறகு, அவை ராத்திரி ஏறி உட்காரும் கழிக்குப் பக்கத்தில், கோழி முதுகு உயரத்தில் பிடித்துக்கொண்டு புகையைப் பாருங்கள். மே மாத மத்தியானத்தில் புகை படுத்த வாக்கில் ஓடினால் நல்லது. டிசம்பர் விடியற்காலையில் அதே புகை நேராக மேலே ஏறி, கூரைக்கு அடியில் இருக்கும் இடுக்கு வழியாக வெளியே போக வேண்டும். எந்தக் காலமானாலும் புகை கூட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டு நின்றால் அந்தக் கூட்டைப் பிரித்துக் கட்டுவது உத்தமம்.

எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர் பக்கம். பின்பக்கத்தில் கொஞ்சம் மண் தரை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை. பெரிய வேப்பமரம் ஒன்று இருந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்த அன்று சாய்ந்துவிட்டது. மரம் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது. மர நிழலுக்கு ஈடு எந்த வலையும் கிடையாது. இலை தண்ணீரை ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால் மரத்தடியில் நிழலோடு குளிர்ச்சியும் சேர்ந்து வருகிறது.

கூடு பத்தடி நீளம், ஐந்தடி அகலம். பன்னிரண்டு கோழிக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. ஒரு கோழிக்கு நாலு சதுர அடியாவது இருந்தால்தான் வெயிலில் ஒன்றோடொன்று ஒட்டாமல் உட்கார முடியும். பெரும்பாலும் சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழி. கூடவே நந்தனம் என்கிற ரகத்தில் இரண்டு கோழி. அப்புறம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கிய ஒரு கழுத்தறுத்தான். கழுத்தில் இறகே இல்லாமல் சிவப்பாக, பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்காது. ஆனால் வெயிலைத் தாங்குவதில் மற்றதெல்லாம் அதனிடம் நிற்க முடியாது. இறகு குறைவாக இருப்பதால் உடம்புச் சூடு கழுத்து வழியாகவே வெளியே போய்விடுகிறது. சென்னையில் புதிதாகக் கோழி வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, அழகு பார்க்காதீர்கள். புசுபுசுவென்று கால் வரைக்கும் இறகு மூடிய வெளிநாட்டு அலங்காரக் கோழியை ஆசைப்பட்டு வாங்கி மே மாதத்தில் மொட்டைமாடியில் வைத்தால் அது பாவம்.

கோழியின் உடம்புச் சூடே 41, 42 டிகிரி இருக்கும். அதற்கு வியர்வை கிடையாது. சூட்டை வெளியே தள்ள அதற்குத் தெரிந்த வழிகள் கொஞ்சம்தான். கொண்டையிலும் தாடைக்குக் கீழே தொங்கும் சதையிலும் ரத்தத்தை ஓடவிடும். இறக்கையை உடம்பை விட்டு அகட்டி வைத்துக்கொள்ளும், அக்குளில் காற்று படட்டும் என்று. ஈர மண்ணைத் தோண்டி வயிற்றை அழுத்திப் படுக்கும். இதெல்லாம் போதாமல் போனால் வாயைத் திறந்து மூச்சிரைக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் தொண்டைக்குக் கீழே தோல் வேகமாகத் துடிப்பது தெரியும், கண் பாதி மூடியிருக்கும், நாக்கு முன்னால் வந்திருக்கும். அந்த நிலையில் இருக்கிற கோழி தண்ணீர்ச் சட்டி இரண்டடி தள்ளி இருந்தாலும் எழுந்து போகாது. தண்ணீரைக் கோழியிடம் கொண்டுபோக வேண்டும். நான் மத்தியானம் காஜா எடுக்கிற (பட்டன் ஓட்டை தைக்கிற) வேலையை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்வது இதைப் பார்க்கத்தான்.

மூச்சிரைப்பதில் இன்னொரு நஷ்டம் இருக்கிறது. இரைக்கிற கோழி கரியமில வாயுவை அளவுக்கு மேல் வெளியே விட்டுவிடுகிறது. முட்டை ஓடு என்பது கால்சியம் கார்பனேட். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்தால் ஓடு கட்டுவதற்கு வேண்டிய சரக்கும் குறைந்துவிடும். மே மாதத்து முட்டை கை பட்டாலே உடைவது அதனால்தான். "கிளிஞ்சல் போடலியா?" என்று கேட்பார்கள். கிளிஞ்சல் தூள் போடத்தான் செய்கிறேன். கோழியைக் குளிர வைக்காமல் கிளிஞ்சலை மட்டும் அள்ளிக் கொட்டிப் பயனில்லை. போதாததற்கு வெயிலில் தீவனமும் எடுக்காது.

சரி, கூரைக்கு வருகிறேன். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அப்படி வைத்தால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகலான பக்கத்தில் மட்டும் படும். சென்னையில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நமக்கு உச்சந்தலைக்கு நேரே வருகிறது. அதற்குப் பிறகு ஆகஸ்ட் நடுவரை நமக்கு வடக்கே போய்விடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் காலையிலும் மாலையிலும் வடக்குச் சுவரில்தான் வெயில் அடிக்கும். தெற்கில் மட்டும் தாழ்வாரம் இறக்கிவிட்டு வடக்கைத் திறந்து வைத்திருப்பவர்கள், "நிழல்ல தானே இருக்கு, ஏன் இப்படிக் கொதிக்குது?" என்று குழம்புவார்கள். எங்கள் கூட்டில் வடக்குத் தாழ்வாரம் மூன்றடி நீளம், தெற்கில் அதில் பாதிகூட இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போது அந்தக் குட்டைத் தாழ்வாரத்துக்கு அடியில் வெயில் உள்ளே நுழைந்து தரையைக் காய வைக்கும். மழைக்காலத்து ஈரத்துக்கு அந்த வெயில்தான் மருந்து.

கூரை தகர ஷீட். தகரம் மட்டும் இருந்தால் கோழி அடுப்பில் இருக்கிற கதிதான். அதனால் ஷீட்டுக்கு வெளிப்பக்கம் சுண்ணாம்பில் ஃபெவிகால் கலந்து இரண்டு பூச்சு. அதற்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் கட்டி, தென்னங்கீத்து. இந்த ஒரு சாண் இடைவெளிதான் முக்கியம். கீத்தைத் தகரத்தின் மேலேயே படுக்க வைத்தால் கீத்து சுட்டு, தகரமும் சுடும். நடுவில் காற்று ஓடினால் கீத்து வாங்கிய சூடு கீழே இறங்குவதற்குள் காற்றோடு போய்விடும். மத்தியானம் இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து தகரத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கையை அப்படியே வைத்திருக்க முடிந்தால் கூரை சரி. சுடுகிற தகரம் உள்ளே இருக்கும் காற்றைச் சுட வைப்பதோடு நிற்காது, அதன் அனல் நேராகக் கோழி முதுகில் இறங்கும். எவ்வளவு காற்று அடித்தாலும் அந்த அனலுக்குப் பதில் சொல்ல முடியாது.

கீத்தில் ஒரே பயம் தீபாவளி. ராக்கெட் எந்தத் தெருவிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. அன்றைக்குச் சாயங்காலம் மழை இல்லாவிட்டால் ஹோஸ் பைப்பால் கூரையை நன்றாக நனைத்துவிட்டுத்தான் நாங்கள் மத்தாப்பூ கொளுத்தப் போவோம்.

இனி காற்று. சென்னை வெயிலை முடிவு பண்ணுவது கடல்காற்று எத்தனை மணிக்கு வருகிறது என்பதுதான். நல்ல நாளில் பன்னிரண்டு, ஒரு மணிக்கெல்லாம் கரையேறிவிடும். மெரினாவில் ஏறிய காற்று எங்கள் முடிச்சூருக்கு வந்து சேர இன்னும் நேரமாகும். செய்தியில் நுங்கம்பாக்கம் ஒரு வெப்பநிலை, மீனம்பாக்கம் அதைவிடக் கூட ஒரு வெப்பநிலை சொல்வார்கள் இல்லையா, நாங்கள் மீனம்பாக்கத்துக்கும் மேற்கே இருக்கிறவர்கள். மேற்கிலிருந்து அடிக்கிற மேல்காற்று பலமாக இருக்கிற நாளில் கடல்காற்று மூன்று மணிவரை எட்டிப் பார்க்காது, சில நாள் வரவே வராது. 2003 மே மாதக் கடைசியில் நகரத்தில் 45 டிகிரி தொட்டதே, அந்த மாதிரி நாட்கள்.

கடல்காற்று வந்த வெயில், வராத வெயில், கோழிக்கு இந்த இரண்டும் வேறு வேறு வெயில். அதற்கு இரண்டு வேறு வைத்தியம் வேண்டும். இதைப் பிரித்துப் பார்க்காமல், "ஈரச்சாக்கு கட்டுங்க, குளுகுளுன்னு இருக்கும்" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். ஈரச்சாக்கு குளிர்வது தண்ணீர் ஆவியாகும்போதுதான். மேல்காற்று வறண்ட காற்று. துவைத்துப் போட்ட வேட்டி அரைமணியில் மொடமொடவென்று காய்கிற நாள் அது. அன்றைக்கு மேற்குப் பக்கம் கோணிச்சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் உள்ளே வருகிற காற்று நிஜமாகவே குளிர்ந்து வரும். கடல்காற்று வந்த பிறகு நிலைமை வேறு. அந்தக் காற்றே ஈரம். சாக்கிலிருந்து தண்ணீர் ஆவியாகாது, சாக்கு சும்மா காற்றை மறித்துக்கொண்டு தொங்கும். உள்ளே புழுக்கம் ஏறும், கோழி இரைப்பதும் பலிக்காது, ஏனென்றால் இரைப்பதும் தொண்டை ஈரத்தை ஆவியாக்கும் வேலைதானே. அதனால் எங்கள் வீட்டில் முறை இது: மேல்காற்றில் சாக்கு இறங்கும். முருங்கை இலை திரும்பி ஆட ஆரம்பித்து, முகத்தில் அந்தப் பிசுபிசுப்பு பட்டதும் சாக்கைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுக் கிழக்குப் பக்கத்தை முழுசாகத் திறந்துவிடுவேன்.

சுருட்டிக் கட்டுகிற மாதிரி திரையை நானே தைத்ததுதான். கோணிச்சாக்கைப் பிரித்து மூன்று சாக்கை ஒன்றாக இணைத்து, மேலும் கீழும் மூங்கில் குச்சி நுழைய மடிப்பு விட்டிருக்கிறேன். கோணியைக் கையால் கோணி ஊசியில்தான் தைக்க முடியும். வெயிலுக்குக் கட்டும் பச்சை ஷேட் நெட்டை மட்டும் மெஷினில் ஓட்டலாம், 18ஆம் நம்பர் ஊசி போட்டு, தையலைப் பெரிதாக வைத்து. விளிம்பை அப்படியே விட்டால் ஒரே காற்றில் கிழிந்துவிடும். பழைய ஜீன்ஸ் பேன்ட்டின் கால் பகுதியை நாலு விரல் அகலத்துக்கு வெட்டி விளிம்பில் பட்டையாக வைத்துத் தைத்து, முழத்துக்கு ஒரு வளையம் போட்டேன். வெயிலை 75 சதவீதம் மறைக்கிற வலை வேண்டாம், 50 சதவீதம் போதும். அடர்த்தியான வலை நிழலோடு சேர்த்துக் காற்றையும் தடுத்துவிடுகிறது.

மின்விசிறி உண்டு. வீட்டுக்காரர் எங்கேயோ கழற்றிய பழைய ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து கம்பி வலைக்கு வெளியே, கோழி முதுகு உயரத்தில் மாட்டினார். அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. காற்று 41 டிகிரியைத் தாண்டிவிட்டால் வெறும் ஃபேன் கோழிக்குச் சூட்டைத்தான் ஊதும். அந்த நேரத்தில் ஃபேன் ஈரச்சாக்கு வழியாக இழுத்து ஊதினால்தான் பிரயோஜனம். சொன்னவர் மே மாதத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஊரில் எல்லோருக்கும் ஏசி ரிப்பேர் ஆகிற மாதம் அது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் மே மாதம் பதினொரு மணிக்கு மேல் மாடித் தொட்டித் தண்ணீரில் கை கழுவினால் சுடும். அந்தத் தண்ணீரைக் கோழி வாய் வைத்துவிட்டுத் தலையை உதறிவிடும். தரைக்கடியில் இருக்கும் சம்ப்பிலிருந்து நேராக எடுத்த தண்ணீரை மண்சட்டியில் ஊற்றி, சட்டியைப் பாதி மண்ணில் புதைத்து, நிழல் நகராத இடமாகப் பார்த்து வைக்கிறேன். ஒரு சட்டி போதாது. அதிகாரம் பண்ணுகிற கோழி ஒன்று எப்போதும் இருக்கும், அது சட்டி பக்கத்திலேயே படுத்துக்கொண்டு மற்றதை விடாது. இரண்டு மூலையில் இரண்டு சட்டி. ரொம்பச் சூடான நாளில் நீர்மோர், உப்பு கொஞ்சமாக. நெல்லிக்காய் கிடைக்கிறபோது இடித்துத் தண்ணீரில் போடுவதுண்டு.

தீவனம் காலை ஐந்தரைக்கு ஒரு முறை, வெயில் இறங்கி ஒரு முறை. நடுவில் போடுவதில்லை. தின்றது செரிக்கும்போது உடம்பில் சூடு உண்டாகும், அந்தச் சூடு மத்தியான வெயிலோடு சேரக் கூடாது. கம்பை முந்தின ராத்திரியே ஊறவைத்துப் போட்டால் வெயிலிலும் ஆசையாகக் கொத்தும்.

எல்லாம் செய்தும் ஒரு கோழி சுருண்டு விழுந்தால், ஐஸ் தண்ணீரைத் தலையில் கொட்டாதீர்கள். சாதாரணத் தண்ணீர் வாளியில் காலையும் தொடையையும் கொஞ்ச நேரம் முக்கி வைத்து, கொண்டையை நனைத்து, ஃபேன் காற்று படுகிற நிழலில் உட்கார வையுங்கள். தானாகத் தலை தூக்கின பிறகுதான் வாயில் தண்ணீர்.

அப்புறம், குளிர். சென்னையில் குளிர் என்றால் எனக்குச் சிரிப்பு வரும். மார்கழியில் 20 டிகிரிக்குக் குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிற ஊர் இது. நுங்கம்பாக்கத்தில் பதிவான ஆகக் குறைந்த வெப்பமே 13.9 டிகிரிதான், அதுவும் நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. இறகு முளைத்து வளர்ந்த கோழிக்கு அது குளிரே கிடையாது. இறகை உப்பிக்கொண்டு அதற்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நிஜக் குளிரில் கோழி வளர்க்கிறவர் எங்கள் அண்ணி, வீட்டுக்காரரின் அக்கா. ஊட்டியில் காந்தலில் இருக்கிறார். ஜனவரியில் விடியற்காலை புல் மேல் உப்பு தூவினது போல உறைபனி படியும் இடம். அவர் கூட்டைக் கட்டிக்கொடுத்த ஆசாரி குளிருக்குப் பயந்து ஓர் இடுக்கு விடாமல் பலகை அடித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் ஷீட்டும் சுற்றிக் கொடுத்திருந்தார். கோழிகள் தும்ம ஆரம்பித்தன. "ஏம்மா, இங்க மழையே இல்ல, ஆனா கூட்டுக்குள்ள மட்டும் காலையில சொட்டுது" என்று அண்ணி போனில் சொன்னபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்காரர்தான் போனை வாங்கி, "அக்கா, அது வெளியேருந்து வர்ற தண்ணி இல்ல, கோழி விட்ட மூச்சு" என்றார். பத்துக் கோழி ராத்திரி முழுக்க மூச்சு விடுகிறது, எச்சம் போடுகிறது. அந்த ஈரம் போக வழியில்லாமல் மேலே ஏறி, குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகித் திரும்பக் கோழி மேலேயே சொட்டுகிறது. நனைந்த இறகு உப்பாது. உப்பாத இறகு குளிரைத் தடுக்காது. மூடி மூடி வைத்துக் கோழியை ஈரத்தில் உட்கார வைத்ததுதான் மிச்சம்.

பொங்கலுக்கு அங்கே போனபோது இரண்டு பக்கமும் கூரைக்குக் கீழே ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பலகையை அறுத்து, கம்பி வலை அடித்துவிட்டு வந்தோம். உட்காரும் கழியை அந்த இடுக்குக்கு நன்றாகக் கீழே இறக்கினோம், காற்று தலைக்கு மேலேயே போய்விடும்படி. உருட்டுக் கம்பை எடுத்துவிட்டு மூன்று விரல் அகலப் பட்டை ரீப்பர் கட்டையை, அகலப் பக்கம் மேலே வருகிற மாதிரி வைத்தோம். அதில் உட்கார்ந்தால் கோழி கால்விரலை மடக்கிப் பிடிக்க வேண்டியதில்லை, வயிற்று இறகு விரலை முழுசாக மூடிக்கொள்ளும். சாயங்காலம் அடைவதற்கு முன்னால் ஒரு கைப்பிடி மக்காச்சோளம். மத்தியானத்தில் எந்தச் செரிமானச் சூடு சென்னைக் கோழிக்கு ஆகாதோ, அதே சூடு ராத்திரியில் ஊட்டிக் கோழிக்குப் போர்வை. பல்பு எதுவும் போடவில்லை. சொட்டுவது நின்றுவிட்டது. அண்ணி முதல் வாரம் முழுக்க, "ஓட்டைய அடைச்சிடலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சென்னையில் இதே ஈரம்தான் வேறு வழியாக வருகிறது. எங்கள் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை மழை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூர் மூழ்கியதை எல்லோரும் டிவியில் பார்த்திருப்பீர்கள். வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு வெகுநாள் இருந்தது. கூடு கட்டியது அதற்கு அப்புறம் என்பதால் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் ஹாலோபிளாக் மேல் நிற்க வைத்தோம். அந்த உயரம் சாதாரண மழைக்குத் தாங்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முதல் நாள் சாயங்காலமே கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டு மாடிப்படி ஹெட்ரூமுக்கு ஏற்றிவிட்டேன். தைக்க வந்திருந்த பட்டுப்புடவைகளும் அங்கேதான் இருந்தன. கோழி ஒரு பக்கம், கல்யாணத் துணி ஒரு பக்கம், நடுவில் நான்.

வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் மழையைச் சாய்த்து அடிக்கும். வெயிலுக்கு நீட்டிய அந்த மூன்றடி வடக்குத் தாழ்வாரம் இப்போது மழைக்கு உதவும். அது போதாத நாளில் தார்ப்பாயைக் கீழேயிருந்து மேலே கட்டுவேன். மேலேயிருந்து தொங்கவிடுவதில்லை. கீழேயிருந்து கட்டினால் கோழி உட்காரும் உயரம் வரை மறைந்துவிடும், மேலே ஒரு முழம் திறந்திருக்கும். தொங்கவிட்ட தார்ப்பாய் மேலே அடைத்துக் கீழே படபடவென்று அடித்துக்கொண்டு, கோழியின் காலில் காற்றை விடும். வேண்டியதற்கு நேர் தலைகீழ்.

தரையில் நெல் உமியும் மரவாடியில் வாங்கும் மரத்தூளும் கலந்து நாலு விரல் கனம். மழைக்காலத்தில் தினமும் ஒரு முறை கிளறிவிட வேண்டும், ஈரம் பட்ட இடத்தை அள்ளி வெளியே போட வேண்டும். வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் நீற்றுச் சுண்ணாம்புத் தூள். ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்துத் திறந்தால் உதிர வேண்டும். கொழுக்கட்டையாக நின்றால் ஈரம் அதிகம். இன்னொரு சோதனை, விடியற்காலை கதவைத் திறந்ததும் கோழி உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுப்பது. நின்றபடி மோந்தால் தெரியாது. கண் எரிந்தால் எச்சத்திலிருந்து அமோனியா கிளம்பிவிட்டது என்று அர்த்தம். நமக்கு ஒரு நிமிஷம் எரிவது அதற்கு ராத்திரி பூராவும் எரிந்திருக்கும். சளியும் கண் வீக்கமும் அங்கேயிருந்துதான் தொடங்கும், ஈரத் தரையில் ரத்தக்கழிச்சலும் சேர்ந்துகொள்ளும். மாடி வீட்டு அக்கா நாற்றம் என்று சொல்லாமல் இருப்பதும் இந்த உமியின் புண்ணியம். பழைய உமியை அவரே சாக்கில் அள்ளிக்கொண்டு போய் ரோஜாவுக்குப் போடுகிறார்.

மழை விட்டதும் கொசு. கோழி அம்மையைப் பரப்புவதில் கொசுவுக்குப் பங்குண்டு, கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி கிளம்பும். தடுப்பூசி இருக்கிறது, வெள்ளைக்கழிச்சலுக்கும் இருக்கிறது. மழைக்கும் வெயிலுக்கும் முன்னாலேயே கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுவது நல்லது. கூட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காமல் பார்ப்பதும், ராத்திரி மெல்லிய கொசுவலை கட்டுவதும் உண்டு. ஆனால் வலையையும் மே மாதம் வரை அப்படியே விட்டுவிடக் கூடாது, அதுவும் காற்றைத் தின்னும்.

சென்னையில் பல்பு வேண்டியது குஞ்சுக்கு மட்டும்தான். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி வாக்கில் கதகதப்பு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு வரலாம். தாய்க்கோழி இருந்தால் அது பார்த்துக்கொள்ளும். சந்தையில் வாங்கின குஞ்சுக்குக் குண்டு பல்புதான் தாய். மே மாதத்தில் பகலில் அதுவும் வேண்டாம். இப்போது எலெக்ட்ரிக்கல் கடையில் குண்டு பல்பு கேட்டால், "எல்.இ.டி. வாங்கிக்கோம்மா, கரெண்டு மிச்சமாகும்" என்கிறார்கள். எல்.இ.டி.யில் வெளிச்சம் வரும், சூடு வராது. குஞ்சு பல்புக்கு நேர் கீழே நெருக்கியடித்தால் குளிருகிறது, ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம், பெட்டி முழுக்கச் சிதறிப் படுத்திருந்தால் சரி. தெர்மாமீட்டரை விட இது நம்பிக்கையானது.

இப்போது பங்குனி. ஷீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. போன வருஷக் கீத்து ஓட்டையாகிவிட்டது, மணிமங்கலம் பக்கத்திலிருந்து கொண்டுவருகிறவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை இறக்குகிறேன் என்றார். வீட்டுக்காரர் ஏறிக் கட்டுவதாகச் சொல்கிறார். ஏசி சர்வீஸ் சீசன் தொடங்கிவிட்டதால் எனக்கு நம்பிக்கை இல்லை. மாடி வீட்டு அக்கா மகனிடம் பேசி வைத்தாயிற்று. கூலியாக அரை டஜன் முட்டை கேட்கிறான்.